இந்தியன் சிங்கிள் மால்ட் நாலு பாட்டிலை எப்படி ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்க்கிறது? (டர்பன் தம்பி ஒருத்தருக்கு விரிவான பதில்)

தம்பி, உங்க கேள்வியை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்க மூணு பேர் ஆளுக்கு ஒரு பாட்டிலா அம்ருத் ஃப்யூஷன், இந்த்ரி ட்ரினி, பால் ஜான் போல்ட் கொண்டு வந்து குடுத்திருக்காங்க, வீட்ல ஏற்கனவே நம்ம தென்னாப்பிரிக்காவோட த்ரீ ஷிப்ஸ் 10 வருஷ சிங்கிள் மால்ட் ஒண்ணு இருக்கு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாட்ஸ்வொர்த் வீட்ல நாலு பேரா உக்காந்து நாலையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னு ஆசை. ஆனா உங்க மச்சான் "இந்திய விஸ்கின்னாலே மொலாசஸ் ஸ்பிரிட்ல எசென்ஸ் ஊத்துனதுதான், பாட்டில்ல வயசு கூடப் போடல பாரு, 12 வருஷ ஸ்காட்ச் பக்கத்துல இது நிக்குமா"ன்னு கேக்கறாரு. அவர் சொல்றது சரியா, ஒப்பிடணும்னா எப்படி.

நேரா பதில்: வயசை ஓரமா வெச்சுடுங்க. பீப்பா எந்த ஊரு வெயில்ல கிடந்துச்சு, அது என்ன பீப்பா, பாட்டில்ல எத்தனை சதவீத ஆல்கஹால், இந்த மூணைப் பார்த்தா போதும். ஒப்பிடற அன்னிக்கு நாலையும் ஒரே ஸ்ட்ரெங்துக்குக் கொண்டு வராம ஒண்ணு நல்லாருக்கு ஒண்ணு நல்லால்லன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இதை மட்டும் செஞ்சீங்கன்னா மச்சானோட பாதி கேள்விக்கு அந்த மேஜையிலேயே பதில் கிடைச்சுடும்.

மச்சான் சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதை நாம ஒத்துக்கணும். இந்தியாவுல மலிவா விக்கிற விஸ்கில பெரும்பகுதி மொலாசஸ்லேர்ந்து, அதாவது சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சற கரும்புப் பாகுலேர்ந்து காய்ச்சின, தனி ருசியில்லாத நியூட்ரல் ஸ்பிரிட்தான், அதுல கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட்டையோ ஸ்காட்சையோ கலந்து கலரும் வாசனையும் சேர்ப்பாங்க. ஐரோப்பால அதை விஸ்கிங்கற பேர்ல விக்கவே முடியாது. நம்ம நேட்டால்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், இங்க கேன்னு குடிக்கிறோமே, அதுக்கும் மூலம் கரும்புதான். ஆனா உங்ககிட்ட இருக்கிற மூணு பாட்டிலும் அந்த வகை இல்ல. சிங்கிள் மால்ட்டுன்னா முளைகட்டின பார்லி மட்டும், செம்புப் பாத்திரத்துல காய்ச்சி, ஒரே டிஸ்டில்லரில செஞ்சு, ஓக் பீப்பால ஊற வெச்சது. ரெண்டுக்கும் பேர் ஒண்ணா இருக்கிறதால வர்ற குழப்பம் இது, அதுக்கு அந்த மூணு கம்பெனியும் பொறுப்பாக முடியாது.

இந்த சந்தேகத்தை முதல்ல சந்திச்சது அம்ருத்துதான். 1948ல பெங்களூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, ஜக்தாலே குடும்பம். அந்தக் குடும்பத்து ரக்ஷித் ஜக்தாலே இங்கிலாந்துல நியூகாசில்ல படிக்கிறப்ப, இந்திய சிங்கிள் மால்ட்டை பிரிட்டன்ல விக்க முடியுமாங்கறதையே ஆராய்ச்சியா எடுத்துக்கிட்டாரு, ஸ்காட்லாந்து பார்கள்ல பேர் சொல்லாம ஊத்திக் குடுத்துப் பார்த்தாங்க, குடிச்சவங்க ஸ்காட்ச்சுன்னே நெனச்சாங்க. 2004 ஆகஸ்ட்ல கிளாஸ்கோவுலயே ரிலீஸ் பண்ணாங்க. ஸ்காட்ச்சோட சொந்த ஊர்லயே போய்க் கடை விரிச்ச துணிச்சல் எனக்கு இன்னிக்கும் பெருமையாத்தான் இருக்கு. இந்தியால அதை விக்க ஆரம்பிச்சதே 2010லதான். ஃப்யூஷன் 2009ல வந்துச்சு, விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே தன்னோட 2010 விஸ்கி கையேட்டுல அதுக்கு 97 மார்க் போட்டு உலகத்துலயே மூணாவது இடம் குடுத்தாரு, அதுக்கப்புறம்தான் மத்தவங்களுக்கும் தைரியம் வந்துச்சு. 2012ல கோவாலேர்ந்து பால் ஜான், 2016ல உத்தரப் பிரதேசத்துலேர்ந்து ராம்பூர், 2021ல ஹரியானாலேர்ந்து இந்த்ரி, 2022ல ராஜஸ்தான்லேர்ந்து கோடாவன். இன்னும் நெறைய பேர் இருக்காங்க, எல்லாத்தையும் இங்க இழுக்கல.

இப்ப வயசுக்கு வருவோம், இதுதான் விஷயத்தோட உயிர். பீப்பாக்குள்ள கிடக்கிற ஸ்பிரிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகும், தேவதைகளோட பங்குன்னு சொல்வாங்க. ஸ்காட்லாந்துல அது வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம். பெங்களூர்ல 10லேர்ந்து 12 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்க: 100 லிட்டர் ஊத்தி வெச்சா ஸ்காட்லாந்துல 12 வருஷம் கழிச்சு 78 லிட்டர் மிஞ்சும், பெங்களூர்ல 12 சதவீதக் கணக்குல 5 வருஷத்துலயே 53 லிட்டர்தான் மிஞ்சும், 12 வருஷம் விட்டா வெறும் 22 லிட்டர். அதனாலதான் அம்ருத்து 2013ல 8 வருஷ மால்ட் ஒண்ணு வெளியிட்டப்ப அதுக்கு கிரீடி ஏஞ்சல்ஸ்னு பேராசைக்கார தேவதைங்க பேரையே வெச்சாங்க, அந்த 8 வருஷமே இந்திய வெயிலுக்குப் பெரிய வயசு.

ஆவியாகறது ஒரு பக்கம்னா இன்னொரு பக்கம் மரம். வெயில்ல ஸ்பிரிட் விரிஞ்சு மரத்துக்குள்ள இறங்கும், குளிர்ல சுருங்கி வெளிய வரும், இந்தப் போக்குவரத்துல மரத்துலேர்ந்து கலரும் வெனிலா மாதிரி வாசனையும் துவர்ப்பும் கூடவே வரும். சூடான ஊர்ல இது வேகமா நடக்கும். கொதிக்கிற தண்ணில போட்ட டீத்தூள் மாதிரின்னு வெச்சுக்கங்க, சீக்கிரம் இறங்கும், விட்டா கசந்துடும். இந்திய மால்ட்டை ருசி பார்க்கிறவங்க தேட வேண்டிய குறையும் அதுதான்: நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் பிடிக்கிற மரத் துவர்ப்பு, கடைசில வர்ற கசப்பு. பீப்பாக்களைத் தேர்ந்தெடுத்துக் கலக்கற பிளெண்டர் நல்லவரா இருந்தா அந்தக் கசப்பு வர்றதுக்கு முன்னாடியே பீப்பாவை எடுத்துடுவாரு. 4 வருஷமா 6 வருஷமான்னு லேபிள்ல போட்டா வாங்கறவங்க ஸ்காட்ச் கணக்குலயே எடை போடுவாங்க, அதனாலயே பெரும்பாலும் வயசு போடறதில்ல, என்னைக் கேட்டா அதுல தப்பில்ல.

இதுலயும் ஊருக்கு ஊரு வித்தியாசம் இருக்கு. பெங்களூர் கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல, வருஷம் பூரா ஒரே மாதிரி இதமான சூடு. கோவா கடலோரம், டர்பன் மாதிரியே புழுக்கம். ஹரியானா கோடைல 40 டிகிரி தாண்டும், ஜனவரில நடுங்க வெக்கும். காத்து ஈரமா இருந்தா பீப்பாலேர்ந்து ஆல்கஹால் அதிகமா போகும், காய்ஞ்ச காத்துன்னா தண்ணி அதிகமா போகும், அதனால வறண்ட கோடவுன்ல கிடந்த பீப்பால ஸ்ட்ரெங்த் ஏறக்கூட செய்யும். உங்ககிட்ட இருக்கிற நாலாவது பாட்டில் இங்கதான் ரொம்ப உதவும். த்ரீ ஷிப்ஸ் வர்றது வெஸ்டர்ன் கேப்ல வெல்லிங்டன் ஊர்ல இருக்கிற ஜேம்ஸ் செட்ஜ்விக் டிஸ்டில்லரிலேர்ந்து, 1886லேர்ந்து இருக்கிற இடம், ஸ்காட்லாந்தை விட நல்ல சூடு, இந்தியா அளவுக்கு இல்ல. அவங்களோட 10 வருஷ மால்ட்டு 2003ல வந்தப்ப அதுதான் இந்த நாட்டோட முதல் சிங்கிள் மால்ட். அதை நடுவுல வெச்சு மத்த மூணையும் பார்த்தீங்கன்னா வெயில் என்ன செய்யுதுங்கறது வாய்லயே தெரியும், அதுக்கு ஸ்காட்ச் பாட்டில் தனியா தேட வேண்டாம்.

அடுத்து ஸ்ட்ரெங்த். ஃப்யூஷன் 50 சதவீதம், இந்த்ரி ட்ரினி 46, போல்ட் 46. தென்னாப்பிரிக்கால விஸ்கின்னு பேர் போட்டு வித்தா குறைஞ்சது 43 இருக்கணும்னு சட்டம், அதனால நம்ம நாக்கு 43க்குப் பழகிப் போயிருக்கு, அதுக்கு மேல போனா காரமா இருக்குன்னு தோணும், கீழ போனா தண்ணியா இருக்குன்னு தோணும். 50ஐயும் 46ஐயும் அப்படியே பக்கத்துல வெச்சுக் குடிச்சா அதிகமா இருக்கிறதுதான் வாசனையும் ருசியும் கூடன்னு மூளை சொல்லும், இல்லன்னா எரியுதுன்னு தள்ளிடும், ரெண்டுமே நியாயமில்லாத தீர்ப்பு. அதனால ஃபார்மசில ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒண்ணு வாங்கிக்கங்க. ஒவ்வொரு கிளாஸ்லயும் 20 மி.லி. விஸ்கி. எல்லாத்தையும் 40 சதவீதத்துக்கு இறக்க எவ்வளவு தண்ணி வேணும்னா, லேபிள்ல இருக்கிற சதவீதத்தைப் பாதியாக்கி அதுலேர்ந்து 20 கழிங்க, அவ்வளவுதான். ஃப்யூஷனுக்கு 25லேர்ந்து 20 போக 5 மி.லி., 46 இருக்கிற ரெண்டுக்கும் 3 மி.லி., த்ரீ ஷிப்ஸுக்கு பாட்டில்ல போட்டிருக்கிறதைப் பார்த்து இதே மாதிரி. நாளைக்கு அம்ருத் இன்டர்மீடியேட் ஷெர்ரி மாதிரி 57.1 பாட்டில் கைக்கு வந்தாலும் இதே கணக்கு, எட்டரை மி.லி. தண்ணி ஊத்திட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. கொஞ்சம் மங்கலா கலங்கினா பயப்பட வேண்டாம், குளிரூட்டி வடிகட்டாத விஸ்கில கொழுப்பு அமிலங்கள் இருக்கும், தண்ணி சேர்ந்தா அது வெளிய தெரியும், கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல. தண்ணி சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க, ஆனா தீர்ப்பு எழுதறது தண்ணி சேர்த்ததுக்கு அப்புறம்தான்.

இடமும் நேரமும் முக்கியம். டர்பன் டிசம்பர் புழுக்கத்துல 30 டிகிரில கிளாஸைத் தூக்கினா ஆல்கஹால் நெடிதான் மூக்குல ஏறும், வேற எதுவும் வராது, அதனால ஏசி இருக்கிற ரூம்ல 20, 22 டிகிரில உக்காருங்க. ஐஸ் வேண்டாம், குளிர்ல வாசனை அடங்கிடும். வெள்ளிக்கிழமை விளக்கேத்தி சாம்பிராணி போட்டிருந்தா அந்த ரூமை விட்டுடுங்க, மறுநாள் கூட அந்தப் புகை திரைச்சீலைல நிக்கும், அப்புறம் போல்ட்ல வர்ற புகையா வீட்டுப் புகையான்னு குழப்பம். சாப்பாட்டுக்கு முன்னாடி பண்ணுங்க. மட்டன் கறியும், பிரெட்டைக் குடைஞ்சு கறி ஊத்தற நம்ம பனி சௌவும் அப்புறம். நம்ம டர்பன் கறி மசாலா நாக்குல ஏறிடுச்சுன்னா ஒரு மணி நேரத்துக்கு மெல்லிசான எதுவும் தெரியாது. நடுவுல வாயை மாத்திக்க தண்ணியும் உப்பில்லாத பிஸ்கட்டும் போதும்.

கிளாஸ் துலிப் வடிவத்துல, கீழ அகலமா வாய்கிட்ட குறுகலா இருக்கணும், விஸ்கி கிளாஸ் இல்லன்னா சின்ன ஒயின் கிளாஸ் போதும், ஆனா நாலு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கணும். அப்புறம் பேர் தெரியாம குடிக்கணும், இதுல தயவு பண்ணி சமரசம் பண்ணாதீங்க. யாராவது ஒருத்தர் சமையலறைலயே ஊத்தி, கிளாஸ் அடியில நம்பர் ஒட்டி எடுத்துட்டு வரட்டும், அந்த வேலையை மச்சான் கிட்ட குடுக்காதீங்க, அவர்தான் கண்டிப்பா பேர் தெரியாம குடிக்க வேண்டியவர். ஊத்தறவர் ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கணும், போல்ட்டு கடைசிக் கிளாஸா வரணும், ஏன்னா பீட்டுங்கற சதுப்பு நில மண்ணை எரிச்சு பார்லில ஏத்தின புகை நாக்குல உக்காந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் வர்ற எல்லாமே வெறும் இனிப்பாத் தெரியும். கலரைப் பார்த்து வயசு சொல்லாதீங்க, ஷெர்ரிங்கற ஸ்பெயின் ஒயின் இருந்த புது பீப்பா ரெண்டு வருஷத்துல குடுக்கிற கலரை பழைய பீப்பா பதினஞ்சு வருஷத்துல கூட குடுக்காது.

உண்மையிலேயே வித்தியாசம் தெரியுதா இல்ல கற்பனையான்னு பார்க்க இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. மூணு கிளாஸ், அதுல ரெண்டுல ஒரே விஸ்கி, ஒண்ணுல வேற, எது வேறன்னு கண்டுபிடிக்கணும். இந்த்ரியையும் த்ரீ ஷிப்ஸையும் வெச்சு இதை செஞ்சு பாருங்க. கண்டுபிடிக்க முடியலைன்னா ரெண்டுல எது ஒசத்திங்கற பேச்சுக்கே இடமில்ல.

குடிக்கிற முறை பெரிய வித்தையில்ல. கிளாஸை மூக்குல திணிக்காம, வாயை லேசாத் திறந்து வெச்சுக்கிட்டு மோந்து பாருங்க, எரிச்சல் குறையும். சின்ன வாயா எடுத்து பத்து நொடி வாய்ல வெச்சு நாக்கு பூரா படற விட்டுட்டு முழுங்குங்க, இல்ல துப்புங்க, அப்புறம் மூச்சை மூக்கு வழியா விட்டு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கவனிங்க. எழுதறப்ப இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கிற ஹெதர், கூஸ்பெரி எல்லாம் எழுதாதீங்க, நீங்க மோந்து பார்க்காத பொருளை எழுதி என்ன பிரயோஜனம். பனங்கற்கண்டு, வறுத்த தேங்கா, ரவா கேசரி, கிராம்பு, லிச்சி, மாம்பழத் தோல், டிக்காஷன், இப்படி உங்க வீட்டு வாசனையை எழுதுங்க. நாலு பேரும் பேசாம எழுதிட்டு அப்புறம் வாசிக்கணும், ஒருத்தர் சத்தமா "வெனிலா"ன்னு சொல்லிட்டா மத்த மூணு பேருக்கும் வெனிலாதான் வரும்.

எனக்கு என்ன தெரியுதுங்கறதையும் சொல்றேன், ஆனா இதை ருசி பார்த்த பிறகு படிங்க. ஃப்யூஷன்ல முக்கால் பங்கு இந்திய பார்லி, கால் பங்கு ஸ்காட்லாந்துலேர்ந்து வர்ற பீட் புகை ஏத்தின பார்லி. முதல்ல வறுத்த தானிய வாசனை, அப்புறம் டார்க் சாக்லேட், ஆரஞ்சுத் தோல், புகை பின்னாடி மெல்ல வந்து நிக்கும், அது முன்னாடி வந்து கத்தாது. தண்ணி சேர்த்தா இன்னும் திறக்கிற விஸ்கி, நாலுல இதுக்குத்தான் தண்ணி அதிகமா நன்மை செய்யும்னு நான் நெனைக்கிறேன்.

இந்த்ரி ட்ரினில அமெரிக்க விஸ்கியான பூர்பன் இருந்த பீப்பா, பிரெஞ்சு ஒயின் பீப்பா, பி.எக்ஸ்ங்கற இனிப்பு ஷெர்ரி இருந்த பீப்பா மூணும் சேருது. பண்ணவர் சுரிந்தர் குமார், அம்ருத்தோட ஆரம்ப வருஷங்கள்ல அங்க இருந்தவர், அதனால இந்த ரெண்டு பாட்டிலுக்கும் நடுவுல ஒரு சொந்தம் இருக்கு. சர்க்கரைல வதக்கின அன்னாசி, உலர் திராட்சை, தேன், கடைசில கட்டன் டீ மாதிரி துவர்ப்பு. புதுசா வர்றவங்க பெரும்பாலும் இதைத்தான் முதல் இடத்துல வெப்பாங்க, ஏன்னா இனிப்பு உடனே கை குடுக்கும். ரெண்டாவது ரவுண்டுல அந்தத் துவர்ப்பு எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியுது. அதே கம்பெனியோட தீபாவளி எடிஷனுக்கு 2023ல அமெரிக்கப் போட்டி ஒண்ணுல பெரிய விருது கிடைச்சப்ப ஊரே அதைத் தேடி ஓடுச்சு, ஒரு மேஜைல ஒரு நாள் ஒரு குழு குடுத்த தீர்ப்பு அது, அதை நம்பி கூடுதல் காசு குடுக்காதீங்க, உங்க நாக்கை நம்புங்க.

போல்ட்டுக்கு பீட்டு ஸ்காட்லாந்தோட ஐலா தீவுலேர்ந்து வருது, பார்லி இந்தியாவுலேர்ந்து. வடக்குக் கரைல டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்துல அறுவடைக்கு முன்னாடி தீ வெக்கிறப்ப காத்துல ஒரு வாசனை வருமே, புகையும் இனிப்பும் சேர்ந்து, அந்த வாசனை இதுல அப்படியே இருக்கு, நேட்டால்ல வளர்ந்தவங்க யாருக்கும் இது தப்பாது. உள்ள தேனும் இஞ்சியும். ஐலா ஸ்காட்ச்ல வர்ற கடல் உப்பு, அயோடின் மருந்து வாசனை இதுல குறைவு. என் கணக்குல மூணு இந்திய பாட்டில்லயும் செய்நேர்த்தி அதிகம் இருக்கிறது இதுலதான், ஃப்யூஷன் ஒரு முடி இடைவெளில ரெண்டாவது. த்ரீ ஷிப்ஸ் 10 இதுங்க பக்கத்துல அமைதியாத் தெரியும், மரம் குறைவு, பழமும் லேசான புகையும் மெதுவா வரும், அந்த அமைதியைக் குறைன்னு எடுத்துக்காதீங்க, பத்து வருஷத்துல மரம் எவ்வளவு நிதானமா இறங்கியிருக்குன்னு பாருங்க, அதே பத்து வருஷம் பெங்களூர்ல கிடந்திருந்தா பீப்பாவே முக்கால் காலியாயிருக்கும்.

நேர்மையான ஜோடின்னு பார்த்தா போல்ட்டுக்கு எதிர்ல அம்ருத் பீட்டட், ஃப்யூஷனுக்கு எதிர்ல பால் ஜான் எடிட்டட், ரெண்டும் லேசான புகை. புகையே இல்லாம பார்லியும் பூர்பன் பீப்பாவும் மட்டும் என்ன பண்ணும்னு பார்க்க பால் ஜான் பிரில்லியன்ஸும் ராம்பூர் செலக்டும், ஒண்ணு 46, இன்னொண்ணு 43. இந்த்ரி பிடிச்சுப் போனவங்களுக்கு ராம்பூர் அசாவா, அது இந்திய கேபர்நே சாவிஞோன் ஒயின் பீப்பால முடிச்சது, பிளம்ஸும் மிளகும் வரும். ஊர்லேர்ந்து அடுத்து யாராவது வந்தா ஆளுக்கு 1 லிட்டர் ஸ்பிரிட் வரைக்கும் வரி இல்லாம இங்க கொண்டு வரலாம், 18 வயசு ஆகியிருக்கணும். இந்தியால மது வரி மாநிலத்துக்கு மாநிலம் வேற, ஒரே பாட்டில் கோவால ஒரு விலை கர்நாடகால ஒரு விலை, அதனால எந்த ஊரு வழியா வர்றாங்கன்னு கேட்டுட்டு சொல்லி விடுங்க.

நாலு கிளாஸ் 20 மி.லி. முழுசா முழுங்கினா 80 மி.லி. ஆயிடும், இங்க வண்டி ஓட்ட 100 மி.லி. ரத்தத்துல 0.05 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, அதைத் தாண்டிடலாம், துப்பறதுக்கு ஒரு கிண்ணம் வைங்க, இல்ல எல்லாரும் அங்கயே தங்கிடுங்க. புரட்டாசிக்கு முன்னாடியே வெச்சுக்கங்க, அந்த மாசம் நம்ம வீடுகள்ல பாதி பேர் தொட மாட்டாங்க. திறந்த பாட்டிலை நிமிர்த்தி, வெளிச்சம் படாத அலமாரில வைங்க, படுக்கப் போட்டா கார்க்கை அரிச்சுடும். பாதிக்குக் கீழ போன பாட்டில்ல காத்து சேர்ந்து டர்பன் சூட்டுல வாசனை மங்கும், அதனால விரதம் முடியற வரைக்கும் மிச்சம் இருக்கிறதை சின்னக் கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி இறுக்கி மூடி, பேரும் தேதியும் எழுதி ஒட்டி வெச்சுடுங்க.